கிளோங் சுவானா, ஹுவா தக்கேயா, பான் மையா? பாங்காக்கிலிருந்து ஒரு நாளில் போய்வரும் கால்வாய்க்கரைக் கடைத்தெருக்கள்

பாங்காக் போகிறவர்களில் பாதிப் பேர் "மிதக்கும் சந்தை" என்று கேட்டுக்கொண்டு தாம்னேர்ன் சதுவாக்குக்குப் போகிறார்கள். படகுக்குக் கேட்ட காசைக் கொடுத்து, நெரிசலில் சிக்கி, யானைப் படம் போட்ட காற்சட்டை வாங்கித் திரும்புகிறார்கள். படகில் வைத்து விற்கும் காட்சி வேண்டும் என்றால் அதற்குப் போகலாம்தான். கால்வாயை நம்பிப் பிழைத்த ஒரு பழைய ஊரையும், அங்கே சீனர், பௌத்தத் தாய்லாந்தியர், முஸ்லிம்கள் மூவரும் ஒரே கரையில் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் பார்க்க நினைத்தால் நேர் எதிர்த்திசையில், கிழக்கே போக வேண்டும்.

கிழக்கில் மூன்று இடங்கள் உண்டு. கிளோங் சுவான், ஹுவா தக்கே இரண்டும் ஒரே கால்வாயின் கரையில் இருக்கின்றன. பான் மை அந்தக் கால்வாய் போய்ச் சேரும் பாங் பகோங் ஆற்றோரம் சாச்சோங்சாவ் நகரில் இருக்கிறது. மூன்றுக்கும் "நூறாண்டுச் சந்தை" என்ற பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். படங்களில் ஒன்றுபோலவே தெரியும். போய்ச் சேரும் வழி, திறந்திருக்கும் நாள், கிடைக்கும் சாப்பாடு மூன்றும் வேறு வேறு. தேர்வு செய்ய வேண்டியது இவற்றை வைத்துத்தான். எது பிரபலம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதலில் அந்தக் கால்வாய்

கால்வாயின் பெயர் பிரவேத் புரிரோம். தாய் உச்சரிப்பை நீக்கிப் பார்த்தால் பிரவேசம், புரி, ரம்யம் என்ற நமக்குத் தெரிந்த மூன்று சொற்கள். தாய்லாந்து மன்னர் ஐந்தாம் ராமா காலத்தில் 1878-இல் வெட்டத் தொடங்கி 1880-இல் முடித்தார்கள். பாங்காக்கின் பிரகனோங் கால்வாயையும் பாங் பகோங் ஆற்றையும் இணைக்கிறது, நீளம் சுமார் 46 கிலோமீட்டர். கால்வாய் வந்ததும் சதுப்பாகக் கிடந்த நிலம் நெல்வயலானது. நெல் வந்ததும் ஆலை வந்தது, ஆலையோடு சீன வியாபாரிகள் வந்தார்கள். கடைகளெல்லாம் தண்ணீரைப் பார்த்தே கட்டப்பட்டன, ஏனென்றால் அப்போது ரோடு என்பதே கால்வாய்தான். இன்று நாம் கார் நிறுத்தும் பக்கம் பல வீடுகளுக்குக் கொல்லைப்புறம். முன்வாசலைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே நடந்து கரைக்குப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். இது தெரியாதவர்கள் தகரக் கூரையையும் மின்கம்பியையும் படம் எடுத்துவிட்டு "பழையதாக ஒன்றும் இல்லையே" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

இந்தப் பகுதி முஸ்லிம்களில் பலர், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெற்கே மலாய் சுல்தானகங்களிலிருந்து போர்க் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டு, பாங்காக்கின் கிழக்குக் கால்வாய்க் கரைகளில் குடியமர்த்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். சீனர்களில் பெரும்பான்மை தியோச்சியூ என்ற சீன வட்டார மொழி பேசியவர்கள். யார் எப்போது வந்தார்கள் என்பதை இன்றும் சாப்பாட்டிலேயே படித்துவிடலாம். அதைப் பிறகு பார்ப்போம்.

கிளோங் சுவான்: மூன்றிலும் முழுமையானது, போவதுதான் சிரமம்

கிளோங் சுவான் என்றால் தோட்டக் கால்வாய். ஒரு பாதி சாச்சோங்சாவ் மாகாணத்து பான் போ மாவட்டத்தில், மறு பாதி சமுத் பிராகான் மாகாணத்து பாங் போ மாவட்டத்தில். நடுவில் ஒரு வளைந்த பாலம். பாலம் ஏறி இறங்கினால் மாகாணம் மாறிவிடும், கடைத்தெரு மட்டும் தொடரும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் இடம் இது. சாச்சோங்சாவிலிருந்து பாங்காக்கின் பிரதுநாம் வரை ஓடிய நை லெர்ட் நிறுவனத்தின் வெள்ளைப் படகுகள் இங்கே நின்று ஆள் ஏற்றிச் செல்லும். ரோடுகள் வந்ததும் படகு நின்றது, கடைத்தெருவும் சுருங்கியது. நல்லவேளையாக யாரும் இடித்துக் கட்டவில்லை.

சந்தை என்று சொன்னாலும் இது கடைத்தெருதான். எதிரெதிரே மரக்கடைகள், நடுவில் கூரை போட்ட நடை. மழையானாலும் வெயிலானாலும் நனையாமல், காயாமல் நடக்கலாம். பழைய கடைகளின் முகப்பை நின்று பாருங்கள். பல கடைகளுக்கு இன்னும் மடிப்புக் கதவு அல்லது நிரைப்பலகைதான். நம் ஊர் செட்டியார் கடைகளில் இருந்ததைப்போல் ஒவ்வொரு பலகையிலும் எண் எழுதியிருக்கும். மேலும் கீழும் காடி வெட்டி, வரிசை தவறாமல் ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். ஒரு பலகை இடம் மாறினாலும் கடைசிப் பலகை உட்காராது. கடை திறக்கும் காலை வேளையில் போனால் பலகைகளை எடுத்து அடுக்குவதைப் பார்க்கலாம். முகப்புக்கு மேலே சீன எழுத்துப் பலகையும், உள்சுவரில் மன்னர் படமும், சில கடைகளில் அரபு எழுத்தும் இருக்கும். பௌத்தக் கோயில், சீனக் கோயில், பள்ளிவாசல் மூன்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம் என்பதுதான் மற்ற இரண்டு இடங்களிலும் இல்லாத சிறப்பு.

காபிக்காகவே இங்கே வருபவர்கள் உண்டு. கிண்ணத்தில் அடியில் கண்டென்ஸ்டு மில்க், மேலே கரும் காபி, பக்கத்தில் இலவசமாக ஒரு கோப்பை சீனத் தேநீர். கொட்டையைச் சர்க்கரை சேர்த்துக் கருக வறுப்பார்கள். பல கலவைகளில் சோளம், சோயா, எள் போன்றவையும் சேரும். நம் சிக்கரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: காபிக்கு உடம்பும் கறுப்பும் கிடைக்கும், காசும் மிச்சமாகும். நீளமான துணிப்பையில் தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றி, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வடிப்பார்கள். பால் இல்லாமல் ஐஸ் போட்டு வேண்டுமென்றால் "ஒலியாங்" என்று கேளுங்கள். தியோச்சியூவில் "ஒ" கறுப்பு, "லியாங்" குளிர்ச்சி. டிகாக்ஷன் பழக்கமுள்ள நாக்குக்கு முதல் மடக்கு கசக்கும். அடியில் உள்ள பாலைக் கலக்காமல் குடிப்பதுதான் காரணம், எனவே முதலில் நன்றாகக் கலக்குங்கள்.

இனி சிரமம். ரயில் பாதை வடக்கே தள்ளி ஓடுகிறது, நடக்கும் தூரத்தில் நிலையம் இல்லை. சொந்தக் கார், வாடகைக் கார், இல்லையென்றால் சாச்சோங்சாவ் போய் அங்கிருந்து சொங்தேவ். சொங்தேவ் என்பது இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி, நம் ஷேர் ஆட்டோவின் அண்ணன். கைப்பேசிச் செயலியில் கார் பிடித்துப் போவது எளிது. திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்: வயல்வெளி நடுவே வண்டிகள் சும்மா சுற்றுவதில்லை. பாங்காக்கிலிருந்து போகிறவர்கள் டிரைவரிடம் இரண்டு மணி நேரம் காத்திருக்கப் பேசிக்கொண்டு போவதே சரி. காத்திருப்புக் கட்டணத்தை ஏறும் முன்பே பேசி முடியுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் தலைக்கு விழும் தொகை பெரிதாகத் தெரியாது. தனியாளுக்குக் கட்டுப்படியாகாது.

வார நாட்களில் கடைத்தெரு திறந்துதான் இருக்கும், ஆனால் பாதிக் கடை மூடிக்கிடக்கும். சனி, ஞாயிறு காலை 9 முதல் 12 வரை நல்ல நேரம். மூன்று மணிக்கு மேல் ஒவ்வொருவராக மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

ஹுவா தக்கே: விமானத்துக்கும் விமானத்துக்கும் நடுவே கூட முடியும்

முதலைத் தலை என்று பொருள். அந்தக் காலத்தில் இங்கே முதலை மண்டையோடு கிடைத்ததாக ஊர்க்கதை. பாங்காக்கின் லாட் கிராபாங் வட்டத்தில், சுவர்ணபூமி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதே பெயரில் ரயில் நிலையம் உண்டு. பாங்காக்கின் பழைய ரயில் நிலையமான ஹுவா லம்போங்கிலிருந்து கிழக்குத் தடச் சாதாரண ரயிலில் ஒரு மணி நேரம், மூன்றாம் வகுப்புக் கட்டணம் பத்து பாட்டுக்குள். மின்விசிறிப் பெட்டி, திறந்த ஜன்னல். நீண்டதூர ரயில்கள் புதிய மத்திய நிலையத்துக்கு மாறிவிட்டாலும் கிழக்குத் தடச் சாதாரண ரயில்கள் பழைய ஹுவா லம்போங்கிலிருந்தே கிளம்புகின்றன. இதைக் கவனிக்காமல் புதிய நிலையத்துக்குப் போய் ரயிலை விடுகிறவர்கள் நிறைய. இன்னொரு வழி, விமான நிலைய ரயிலில் லாட் கிராபாங் நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடிப்பது. பாங்காக்கிலிருந்து வரும்போது விமான நிலையத்துக்கு முந்தைய நிறுத்தம் அது.

கடைத்தெரு சிறியது, தீவிபத்தில் ஒரு பகுதி போய்விட்டது. மிச்சமிருக்கும் மர வீடுகளில் காபிக் கடைகளும், ஓவியம் வரையும் இடங்களும், சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. பக்கத்தில் கவின்கலைக் கல்லூரியும், மோங்குட் மன்னர் பெயரிலான தொழில்நுட்பக் கழகத்தின் லாட் கிராபாங் வளாகமும் இருப்பதால் மாணவர் கூட்டம் அதிகம், கரையில் அட்டையை மடியில் வைத்து வரைகிறவர்களைப் பார்க்கலாம். கூட்டம் மாணவர்களுடையது என்பதால் விலை குறைவு, எழுதிய விலைதான், பேரம் தேவையில்லை. தண்ணீருக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து மீனுக்கு ரொட்டி போடுவதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பலருக்கு அதுவே போதும். மூன்று சமயங்களின் வாழ்க்கை ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று வருபவர்களுக்கு இது குறைவாகத்தான் படும். பழைய வியாபாரக் குடும்பங்களைவிடப் புதுக் கடைக்காரர்கள்தான் இங்கே அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

விமான இடைவேளையில் போக நினைப்பவர்கள் இரண்டு விமானங்களுக்கு நடுவே குறைந்தது ஏழு மணி நேரம் இருந்தால் மட்டுமே இறங்குங்கள். குடிநுழைவு வரிசையில் ஒன்றரை மணி, போக வர ஒன்றரை மணி, திரும்ப மூன்று மணி முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். மிச்சம் ஒரு மணி நேரம்தான். அதுவும் சனி, ஞாயிறில் மட்டும். செவ்வாய்க்கிழமை போனால் ஒரு கால்வாயும் நாலு பூனையும்தான்.

பான் மை: பிள்ளையாரோடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு சரி

சாச்சோங்சாவ் பாங்காக்கிலிருந்து ரயிலில் 61 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், 13 பாட். 1908-இல் ரயில் வந்த ஊர். இந்த ஊருக்குப் பேச்சுவழக்கில் "பெட் ரியு" என்று பெயர், எட்டுக் கீற்று என்று அர்த்தம். இங்கே பிடிபடும் விரால் மீன் அவ்வளவு பெரிது, எட்டுக் கீற்றாகக் கீறித்தான் காய வைக்க முடியும் என்பார்கள். இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: பல வேன்களில் இந்தப் பெயர்தான் எழுதியிருக்கும், வாயால் கூவுவதும் இதையேதான். "சாச்சோங்சாவ்" என்று தேடிக்கொண்டு நின்றால் வேன் கண் முன்னே போய்விடும்.

பான் மை கடைத்தெரு நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, நிலையத்திலிருந்து டுக் டுக்கில் சில நிமிடம். சீனத்தன்மை அதிகம். மரவீடுகள் ஆற்றுப்பக்கம் திரும்பி நிற்கின்றன, சாப்பாட்டுக் கடைகள் தண்ணீருக்கு மேல் நீட்டிக் கட்டியவை. வார இறுதியும் விடுமுறை நாட்களும்தான் முழுச் சந்தை. நடந்துபோகும் தூரத்தில் வாட் சீன் பிரசாசமோசோன் என்ற சீனப் பௌத்தக் கோயில் இருக்கிறது. அங்குள்ள பெரிய புத்தர் சிலைகள் காகிதக் கூழால் ஆனவை. ஊரின் பெரிய கோயில் வாட் சோதோன், லுவாங் போ சோதோன் என்ற புத்தர் சிலைக்காக நாடெங்கும் இருந்து ஆட்கள் வருவார்கள். நேர்த்திக்கடனாக அவித்த முட்டை படைப்பது அங்கே வழக்கம், நூற்றுக்கணக்கில் தட்டுத் தட்டாகப் பார்க்கலாம்.

தமிழர்கள் இந்த மாகாணத்துக்கு வர இன்னொரு காரணம் உண்டு. தாய்லாந்தில் பிள்ளையாருக்குப் பிரா பிக்கனேட் என்று பெயர். விக்னேசன்தான். சாச்சோங்சாவில் மூன்று பிரமாண்டப் பிள்ளையார்கள்: வாட் சமான் ரத்தனாராமில் சாய்ந்து படுத்த இளஞ்சிவப்புப் பிள்ளையார், 16 மீட்டர் உயரம், 22 மீட்டர் நீளம், கிளோங் குவேயனில் 39 மீட்டர் உயர நின்ற வெண்கலப் பிள்ளையார், வாட் புரோங் ஆகாட்டில் 49 மீட்டர் உயர உட்கார்ந்த பிள்ளையார். வாட் சமானில் வேண்டுதலைப் பிள்ளையாரிடம் சொல்வதில்லை, மூஞ்சூறின் காதில் ஓதுகிறார்கள். அப்போது மறு காதைக் கையால் பொத்த வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடும் என்பது நம்பிக்கை. பிறந்த கிழமைக்கு ஏற்ப மூஞ்சூறுக்கு நிறமும் உண்டு: திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் ஆரஞ்சு, வெள்ளி நீலம், சனி ஊதா, ஞாயிறு சிவப்பு. பிறந்த கிழமை தெரியாமல் போய்க் கூட்டத்துக்கு நடுவே நாட்காட்டி தேடுகிறவர்களே அதிகம். வீட்டிலேயே பார்த்து வையுங்கள்.

மூன்று பிள்ளையாரையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட வேண்டாம். ஒன்றிலிருந்து ஒன்று தூரம், பொதுப் போக்குவரத்தும் கிடையாது. வாட் சமானையும் பான் மையையும் சேர்த்தால் ஒரு நாள் சரியாக நிறையும்.

சாப்பாடு

கடைத்தெருக்களில் யார் எங்கே சமைக்கிறார்கள் என்று தெரிந்தால் குழப்பமில்லை. கிளோங் சுவானில் அன்னாசிப்பூவும் பட்டையும் போட்டு வேகவைத்த வாத்து தொங்கும் கடை சீனருடையது, அதே அடுப்பில் பன்றியும் வேகலாம். சில அடி தள்ளி மஞ்சள் சோறும் கோழியுமாக "காவ் மோக் காய்", ரொட்டி, மதபா என்ற உள்ளடைத்த ரொட்டி விற்பது முஸ்லிம் கடை. காவ் மோக் நம் பிரியாணியின் கிளைதான், காரம் குறைவு, மேலே வறுத்த வெங்காயம், பக்கத்தில் புளிப்பான பச்சைச் சட்னி. ஹலால் வேண்டுவோர் பச்சை நிறச் சான்றுக் குறியையோ பிறை நட்சத்திரத்தையோ பார்த்து வாங்கலாம். ரமலான் பகலில் இந்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

சைவர்களுக்குச் சிக்கல் மீன் சாற்றில் இருக்கிறது. காய்கறி மட்டும் போட்ட தட்டிலும் "நாம் ப்ளா" இருக்கும், பப்பாளி சாலடில் காய்ந்த இறால் இருக்கும். "மாங் சவிராட்" என்றால் சைவம் என்று பலருக்குப் புரியும், ஆனால் மீன் சாறு அதில் சேர்த்தி இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. "ஜே" என்று கேட்பது பாதுகாப்பு. சீனர் கடைப்பிடிக்கும் இந்தச் சைவத்தில் இறைச்சி, மீன், முட்டை, பாலோடு வெங்காயம், பூண்டும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து கண்டால் அந்தக் கடைதான். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வரும் ஒன்பது நாள் ஜே விழாவின்போது போனால் கடைத்தெரு முழுக்க மஞ்சள் கொடிதான். சைவக் குடும்பங்கள் பயணத் தேதியையே அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

கவலையில்லாமல் வாங்கத் தக்கவை இனிப்புகள். "கனோம் கிரோக்" என்பது அசல் குழிப்பணியாரக் கல்லில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றிச் சுடுவது. நம்முடையதுபோல் திருப்பிப் போடுவதில்லை. அடி மொறுமொறுப்பாகவும் மேலே கூழாகவும் இருக்கும்போதே எடுத்து இரண்டை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துத் தருவார்கள். உடனே வாயில் போட்டால் உள்ளிருக்கும் தேங்காய்ப்பால் நாக்கைச் சுட்டுவிடும், ஐந்து நிமிடம் பொறுக்கவும். மேலே வெங்காயத்தாளோ சோளமோ தூவியிருக்கும், சில இடத்தில் இறாலும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். "கனோம் சாக்" பாங் பகோங் பக்கத்துச் சொத்து: உப்புத்தண்ணீர் ஏறும் கரையில் வளரும் நிப்பா பனையின் ஓலையில், தேங்காயும் கறுப்பு அரிசி மாவும் பனைவெல்லமும் பிசைந்து பொதிந்து தணலில் சுடுவது. ஓலை கருகியிருந்தால்தான் வாசம்.

பணம், பருவம், மற்றவை

20, 100 பாட் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 200 பாட்டுக்கு மேல் ஏடிஎம் கட்டணம் பிடிப்பார்கள், அந்தக் காசில் இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம், எனவே ஒரே தடவை எடுப்பது மேல். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கச் சுகம். மார்ச், ஏப்ரலில் தகரக் கூரைக்குக் கீழே அனல். படகுச் சவாரியை நம்பி மட்டும் எந்தப் பருவத்திலும் போகாதீர்கள்: மதகை அடைத்துத் தண்ணீர் இறங்கினாலும், ஆகாயத்தாமரை வந்து அடைத்தாலும் படகு ஓடாது. சீனப் புத்தாண்டு அன்று பெரும்பாலான சீனக் கடைகள் மூடியிருக்கும், அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் எதிர்மாறாகக் களைகட்டும். கோயிலோ பள்ளிவாசலோ நுழைய நினைத்தால் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். வெள்ளி நண்பகலில் பள்ளிவாசல் பக்கம் படம் எடுக்கச் சுற்ற வேண்டாம். ஈரப் பலகையில் ரப்பர் செருப்பு வழுக்கும். நடைக்கும் கடைகளுக்கும் இடையே படி உண்டு, சக்கர நாற்காலிக்கு மூன்று இடமுமே வசதியில்லை.

யாருக்கு எது

ரயிலில் போகும் தனிப்பயணி, ஒரு நாள் முழுக்க இருக்கிறது என்றால் காலை 6-க்கும் 8-க்கும் இடையில் கிளம்பும் ரயிலில் சாச்சோங்சாவ் போய், முற்பகல் பான் மை, திரும்பும் வழியில் ஹுவா தக்கேயில் இறங்கி மாலைக் காபி. சாதாரண ரயில்கள் ஒரு சில மணி நேரத்துக்கு ஒன்றுதான், அடுத்த ரயிலின் நேரத்தை இறங்கிய உடனே நிலையப் பலகையில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோரை அழைத்துவரும் குடும்பம், வாடகைக் கார் உண்டு என்றால் யோசிக்காமல் கிளோங் சுவான். காலையில் அங்கே காபி, பதினொரு மணிக்குக் கிளம்பி வாட் சமான் பிள்ளையார், மாலையில் பாங்காக். அம்மாவுக்குப் பிள்ளையார், அப்பாவுக்கு நிரைப்பலகையும் காபியும், பிள்ளைகளுக்குத் தகரப் பொம்மை.

மாலையும் இரவும் மட்டுமே நேரம் இருப்பவர்களுக்கு இந்த மூன்றுமே உதவாது. அவர்கள் தென்மேற்கே அம்பாவா போகலாம். வெள்ளி முதல் ஞாயிறு வரை பிற்பகலில் தொடங்கி இரவு வரை நடக்கும் உண்மையான படகுச் சந்தை அது, இருட்டியதும் மின்மினி பார்க்கப் படகும் உண்டு. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் கௌரவக் குறிப்பு பெற்ற கரை. கூட்டம் தோளை இடிக்கும். கடைசி வேன் சீக்கிரமே போய்விடுவதால், மின்மினி பார்க்க வேண்டுமானால் அங்கேயே ஒரு இரவு தங்க அறை போட்டுவிட்டுப் போங்கள்.